தரையில் ஓடும்போது விமானிகள் எங்கே தவறுகிறார்கள்?

கேள்வி இது: பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் அவ்வளவு நுணுக்கமாக விமானத்தைக் கையாளும் விமானிகள், தரையில் சைக்கிள் வேகத்தில் போகும்போது வழி தவறுவதும், இறக்கையை இடித்துக்கொள்வதும், போகக்கூடாத ஓடுபாதைக்குள் நுழைவதும் எப்படி? மஞ்சள் கோடு இருக்கிறது, பலகைகள் இருக்கின்றன, கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வழியும் சொல்கிறார்கள். பிறகென்ன?

ஓட்டத் தெரியாமல் நடக்கும் தவறுகள் குறைவு. விமானி தான் இருப்பதாக நம்பும் இடம் ஒன்று, விமானம் நிற்கும் இடம் வேறொன்று. பெரிய விபத்துகள் பல இந்த இடைவெளிக்குள்தான் நடந்திருக்கின்றன. வழி தெரியவில்லை என்று உறைத்துவிட்டால் யாரும் பிரேக்கை அழுத்தி நின்று கேட்டுவிடுவார்கள். உறைக்காதவர் போய்க்கொண்டே இருப்பார். இதுபோக, விமானத்தின் உருவத்தாலேயே வரும் தவறுகள் தனி. அவை புரிந்துகொள்ள எளிது என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

காரில் ஓட்டுநருக்கு முன்னால் சக்கரம் இருக்கிறது. பெரிய விமானத்தில் மூக்குச் சக்கரமே விமானியின் இருக்கைக்குப் பின்னால்தான். போயிங் 777-300ஈஆரில் மூக்குச் சக்கரத்துக்கும் முதன்மைச் சக்கரங்களுக்கும் இடையே 31 மீட்டர். 737-800இல் அது 15.6 மீட்டர்தான். மூக்கு எந்த வளைவில் போகிறதோ அதே வளைவில் பின்சக்கரங்கள் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நீளமான பேருந்து தெருமுனையில் திரும்பும்போது பின்சக்கரம் நடைபாதையில் ஏறுவது போலத்தான், ஆனால் ஐந்தாறு மடங்கு பெரிய அளவில். அதனால் நீளமான விமானங்களில், மஞ்சள் கோடு வளையத் தொடங்கும் இடத்தில் திருப்பக்கூடாது. காக்பிட் கோட்டைத் தாண்டி, சில இடங்களில் டாக்ஸிவேயின் (ஓடுபாதைக்கும் நிறுத்துமிடத்துக்கும் இடையே விமானம் ஓடும் பாதை) எதிர் விளிம்பை நெருங்கும்வரை நேராகப் போய், பிறகுதான் திருப்ப வேண்டும். காக்பிட்டுக்குக் கீழே புல்வெளி தெரியும். முதல்முறை செய்பவருக்கு அது மனத்துக்கு ஒப்பாது. "வெளியே போய்விட்டோம்" என்று கை தானாகவே சீக்கிரம் திருப்பிவிடும். விளைவு, உள்பக்க முதன்மைச் சக்கரம் மண்ணில் இறங்கிப் புதையும். சிறிய விமானத்திலிருந்து பெரியதற்கு மாறியவர்களிடம் இது அதிகம். 777-300ஈஆர், ஏ340-600 போன்றவற்றில் சக்கரங்களைக் காட்டும் கேமராக்களை வைத்ததே இதற்காகத்தான்.

இறக்கை நுனி இன்னொரு சிக்கல். 747, 777, ஏ380 போன்றவற்றில் விமானி இருக்கையிலிருந்து நுனியைப் பார்க்கவே முடியாது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் பெரிய விமானங்களுக்கு இறக்கை நுனிக் கேமரா வேண்டும் என்று பரிந்துரைத்தது இந்தக் காரணத்தால்தான். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைக்கு இன்னொரு குணமும் உண்டு. திரும்பும்போது வெளிப்பக்க நுனி, நேராகப் போகும்போது இருந்ததைவிட அகலமான வட்டத்தைத் துடைத்துக்கொண்டு போகும். திரும்பத் தொடங்கியபோது இடைவெளி இருந்ததே என்று பார்த்தவர், பாதித் திருப்பத்தில் இடிப்பார்.

இங்கே பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: "மையக்கோட்டில் இருந்தால் இடிக்காது." மையக்கோடு தரும் உத்தரவாதத்துக்கு இரண்டு நிபந்தனைகள். அந்தப் பாதை உங்கள் இறக்கை அகலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மற்ற விமானங்கள் அவரவர் எல்லைக்குள் நிற்க வேண்டும். 2011 ஏப்ரலில் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில் நடந்த மோதலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏர் பிரான்ஸின் ஏ380 டாக்ஸிவேயில் போய்க்கொண்டிருந்தது. வந்து இறங்கிய ஒரு சிறிய சிஆர்ஜே விமானம் நிறுத்துமிடத்துக்குள் முழுமையாகப் போகாமல் வெளியே நின்றிருந்தது. ஏ380இன் இடது இறக்கை நுனி அதன் வாலில் மாட்டி, விமானத்தையே பொம்மை மாதிரி சுழற்றிப் போட்டது. இரண்டு நிபந்தனைகளில் ஒன்று அங்கே இல்லை. ஏதாவது விமானம் வால் நீட்டிக்கொண்டு நிற்பதாகத் தோன்றினால் நிற்பது ஒன்றே வழி. கண்ணளவாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பது வேலைக்காகாது, ஏனெனில் நுனியே தெரியவில்லை.

முதல் நிபந்தனை மீறப்பட்டதற்கு உதாரணம் ஜோகன்னஸ்பர்க், 2013 டிசம்பர் 22. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747-400க்கு 'பி' டாக்ஸிவே வழியாகப் போகச் சொல்லியிருந்தார்கள். ஓரிடத்தில் 'பி' வளைந்து பிரிகிறது. நேராகப் போவது 'எம்', குறுகலான பாதை. இரவு நேரம். விமானம் நேராகவே போயிற்று. 64 மீட்டருக்கும் அதிகமான இறக்கை அகலத்துக்கு அந்தப் பாதை ஓரத்துக் கட்டடம் இடம் கொடுக்கவில்லை. வலது இறக்கை செங்கல் சுவரைக் கிழித்துக்கொண்டு அலுவலகத்துக்குள் போய்விட்டது. உள்ளே இருந்த நால்வருக்குச் சிறு காயங்கள். பாதை நேராகவும் சொன்ன வழி வளைந்தும் போகும் இடங்களில் கை நேராகவே போகும். டாக்ஸி, அதாவது தரையில் ஓட்டுவதற்கான வரைபடத்தில் இப்படிப்பட்ட இடங்களைத் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான நிறுவனங்களில் நேர்ப் பாதையில் 30 நாட் (மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர்), செங்குத்துத் திருப்பத்தில் 10 நாட். தரை வழுக்கினால் அதிலும் குறைவு. சிக்கல் என்னவென்றால், இந்த வேகத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. 140 நாட்டில் இறங்கி வந்தவருக்கு 45 நாட் ஊர்வது போலத் தெரியும். 747 மாதிரி உயரத்தில் உட்கார்ந்திருந்தால் இன்னும் மெதுவாகத் தெரியும். தரைவேகம் திரையில் காட்டப்படுகிறது. திரும்புவதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஈரமான நாளில் வண்ணம் பூசிய கோட்டின்மேல் மூக்குச் சக்கரம் வேகமாக ஏறினால் திரும்பாமல் நேராகச் சறுக்கும். அப்போது டில்லரை (மூக்குச் சக்கரத்தைத் திருப்பும் கைப்பிடி) இன்னும் திருப்புவது எல்லோருக்கும் வரும் உந்துதல். செய்ய வேண்டியது அதற்கு நேரெதிர். திருப்பத்தைக் குறைத்து, வேகத்தைக் குறைத்தால்தான் டயர் மறுபடி பிடிக்கும்.

பிரேக் விஷயத்தில் ஒரு பழக்கப் பிழை உண்டு. எடை குறைவாக இருக்கும்போது இன்ஜின் ஐடிலில் (மிகக் குறைந்த விசையில்) இருந்தாலே விமானம் வேகம் கூடிக்கொண்டே போகும். அதை அடக்கக் காலை பிரேக்கில் லேசாக வைத்தபடியே ஓட்டுவார்கள். கார்பன் பிரேக்குக்கு இது ஆகவே ஆகாது. எத்தனை அழுத்தமாக மிதித்தோம் என்பதைவிட எத்தனை முறை மிதித்தோம் என்பதே அதன் தேய்மானத்தைத் தீர்மானிக்கிறது. 30 நாட் வரை போகவிட்டு, ஒரே முறை உறுதியாக அழுத்தி 10 நாட்டுக்குக் கொண்டுவந்து, காலை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். உரசிக்கொண்டே போனால் வெப்பம் ஏறும். ஏ320இல் பிரேக் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் புறப்படக் கூடாது. அந்தச் சூட்டோடு சக்கரங்களை உள்ளே இழுத்தபின் ஹைட்ராலிக் திரவம் கசிந்தால் தீப்பிடிக்கலாம்.

நகரத் தொடங்கும்போது கொடுக்கும் உந்துவிசைதான் பின்னால் நிற்பவர்களுக்கு ஆபத்து. ஏ320இல் 40 சதவீத என்1க்கு (இன்ஜின் விசிறியின் சுழல்வேகம்) மேல் போகக்கூடாது என்பது வழக்கமான வரம்பு. விமானம் அசைந்ததும் ஐடிலுக்கு இறக்கிவிட வேண்டும். ஏப்ரனில் (விமானங்கள் நிற்கும் தளம்) பாதித் திருப்பத்தில் நின்றுவிடுவது இங்கேதான் கெடுதல்: மறுபடி நகர்த்த அதிக விசை தேவைப்படும், இன்ஜினின் வாய் அந்நேரம் சரக்கு வண்டிகளையோ ஆட்களையோ பார்த்துக்கொண்டிருக்கும். அதேபோல விமானம் நகர்வதற்கு முன்பே டில்லரைத் திருப்பினால் நின்ற இடத்திலேயே டயர் தரையில் அரைபடும், மூக்குச் சக்கரத் தண்டிலும் முறுக்கு ஏறும்.

இனி முக்கியமான பகுதி, வழி தவறுவது.

1999 டிசம்பர் 6, அமெரிக்காவின் பிராவிடென்ஸ் விமான நிலையம். இரவு, அடர்ந்த மூடுபனி. கோபுரத்திலிருந்து தரை தெரியவில்லை, தரை ரேடாரும் கிடையாது. யுனைடெட் 1448, ஒரு போயிங் 757, இறங்கி முனையத்துக்குப் போக வேண்டும். சொன்ன வழியில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு வேறொரு டாக்ஸிவேயில் போய், தான் இறங்கிய அதே ஓடுபாதைக்குள் மறுபடி நுழைந்துவிட்டது. விமானிகள் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொல்ல முயல்கிறார்கள்; ஆனால் சொல்லும் ஓடுபாதை எண்களும் டாக்ஸிவே பெயர்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. அதே சமயத்தில் ஃபெடெக்ஸ் 727 ஒன்றுக்குப் புறப்பட அனுமதி கொடுத்தாயிற்று. அது 757க்கு மிக அருகே எழும்பிப் போகிறது. ஏதோ பக்கத்தில் இப்போது புறப்பட்டதே என்று 757இலிருந்து கோபுரத்திடம் சொல்கிறார்கள். கட்டுப்பாட்டாளர் அப்போதும் அவர்கள் செயல்படும் ஓடுபாதையில் இல்லை என்றே நினைக்கிறார். அடுத்து வரிசையில் நின்ற யுஎஸ் ஏர்வேஸ் 2998க்குப் புறப்பட அனுமதி தருகிறார். இந்த உரையாடலை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அந்த விமானிகள் மறுத்துவிட்டார்கள். 757 முனையத்தில் போய் நிற்கும்வரை நகரமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

இந்தச் சம்பவத்தை விரித்துச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தொலைந்தவர்களும் கட்டுப்பாட்டாளரும் ஆளுக்கொரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசினார்கள். மூன்றாவது ஆள்தான் இரண்டு படமும் ஒட்டவில்லை என்று கவனித்தார். வானொலியில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்பது வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இரண்டாண்டு கழித்து, 2001 அக்டோபர் 8, இத்தாலியின் மிலான் லினாத்தே விமான நிலையம். அங்கே அப்படிப்பட்ட மூன்றாவது ஆள் அமையவில்லை. ஒரு சிறிய செஸ்னா சைட்டேஷன் ஜெட்டை ஆர்5 டாக்ஸிவே வழியாக வடக்கே போகச் சொன்னார்கள். அது ஆர்6இல் போயிற்று. ஆர்6 நேரே ஓடுபாதையைக் குறுக்கிடுகிறது. போகும் வழியில் விமானி தான் எஸ்4 குறியீட்டை நெருங்குவதாகச் சொன்னார். தரையில் எஸ்4 என்று எழுதியிருந்தது நிஜம்தான். ஆனால் வரைபடத்தில் அது இல்லை, கட்டுப்பாட்டாளருக்கும் அது எங்கே என்று தெரியாது. அந்தத் தகவல்தான் தவறைக் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய ஒரே துப்பு. அது காற்றோடு போயிற்று. தரை ரேடார் இயங்கவில்லை. மூடுபனிக்குள் புறப்பட ஓடிவந்த எஸ்ஏஎஸ் எம்டி-87 செஸ்னாவின்மேல் மோதியது. தரையில் இருந்த நால்வர் உட்பட 118 பேர் இறந்தார்கள். விமானியின் தவறு என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த விமான நிலையத்தின் மங்கிய குறியீடுகளும் இல்லாத பலகைகளும் அதில் சரிபாதிப் பங்குக்குக் குறையாது என்பேன்.

வழி தவறுவதில் இன்னொரு வகை, தவறான ஓடுபாதையில் புறப்படுவது. 2006 ஆகஸ்ட் 27, கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன். காம்ஏர் 5191க்குக் கொடுக்கப்பட்டது ஓடுபாதை 22, நீளம் 7,003 அடி. அதை அடைய ஓடுபாதை 26ஐக் குறுக்கே கடக்க வேண்டும். அதன் நீளம் 3,501 அடி. விடியாத நேரம். முதலில் வந்த ஓடுபாதையையே தங்களுடையது என்று எண்ணி 26இல் திரும்பிப் புறப்பட்டார்கள். விளக்கு எரியவில்லையே என்று துணை விமானி சொல்லவும் செய்தார், ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. 50 பேரில் 49 பேர் இறந்தார்கள், பிழைத்தவர் துணை விமானி. டாக்ஸி செய்யும்போது வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு நடந்ததை விசாரணை சுட்டிக்காட்டியது.

இதைத் தடுத்திருக்கக்கூடியது ஒரு பார்வை. ஓடுபாதை எண் என்பது அதன் காந்தத் திசையைப் பத்தால் வகுத்தது. 22 என்றால் திசைகாட்டி 220 அருகே காட்ட வேண்டும்; அன்று அது 260ஐத் தாண்டிக் காட்டியிருக்கும். நாற்பது டிகிரி வித்தியாசம். திசைக்குறியை முன்கூட்டியே ஓடுபாதைத் திசையில் வைத்துவிட்டு, நேராக நின்றதும் மூக்கு அந்தக் குறியில் இருக்கிறதா என்று இருவரும் பார்த்துச் சொல்வதற்கு இரண்டு நொடி ஆகும். இணையான ஓடுபாதைகளில் மட்டும் இந்தச் சோதனை உதவாது, திசை ஒன்றே என்பதால். 2000 அக்டோபர் 31இல் தைபேயில் புயல்மழைக்குள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 006 செய்த தவறு அதுதான். போக வேண்டியது 05 இடது. இன்னும் 200 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருந்தது. பச்சை மையவிளக்குகள் வளைந்து போன வழியிலேயே திரும்பி, பராமரிப்புக்காக மூடப்பட்டிருந்த 05 வலதில் ஓடி, கட்டுமான இயந்திரங்களில் மோதியது. 83 பேர் இறந்தார்கள். இணை ஓடுபாதைகளில் பலகை, தரையில் எழுதிய எண், ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் ஐஎல்எஸ் லோக்கலைசர் ஊசி நடுவில் இருக்கிறதா என்பது, இவற்றைத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாவது வகை, வழி சரியாக இருந்தும் நிற்க வேண்டிய கோட்டில் நிற்காமல் போவது. ஓடுபாதைக்கு முன் நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கும். இரண்டு தொடர்கோடு, இரண்டு விட்டுவிட்டு வரும் கோடு. தொடர்கோடு உங்கள் பக்கம் இருந்தால் அனுமதி இல்லாமல் தாண்டக்கூடாது. விட்டுவிட்ட கோடு உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள் ஓடுபாதையிலிருந்து வெளியே வருகிறீர்கள், தாராளமாகத் தாண்டலாம். தாண்டவும் வேண்டும், வால் உட்பட முழு விமானமும். இறங்கியதும் மூக்கு வெளியே வந்துவிட்டது என்று நின்றுவிட்டு, வாலை ஓடுபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிறது. நீளமான விமானத்தில் வால் எழுபது மீட்டர் பின்னால் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பலகைகளில் சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் ஓடுபாதை எல்லை. கறுப்பில் மஞ்சள் எழுத்து நீங்கள் இருக்கும் இடம், மஞ்சளில் கறுப்பு எழுத்து திசை. இந்தக் கறுப்புப் பலகையை அதிகம் பேர் பார்ப்பதில்லை. எல்லோரும் அடுத்த திருப்பத்தைத் தேடுகிறார்கள். தொலைந்துபோனதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான்.

நிற்கும் கோட்டைத் தாண்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் எதிர்பார்ப்பு. கேட்க நினைத்ததையே காது கேட்கும். 2024 ஜனவரி 2இல் ஹனேடாவில் ஜப்பானியக் கடலோரக் காவல்படையின் டேஷ்-8க்குச் சொன்னது, நீங்கள் முதலாவது, சி5 நிறுத்தப் புள்ளிவரை போங்கள் என்பதுதான். கேப்டன் ஓடுபாதைக்குள் போகவே அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொண்டார். உள்ளே போய் சுமார் 40 நொடி நின்றது அந்த விமானம். இறங்கிக்கொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன்மேல் மோதியது. ஏ350இல் இருந்த 379 பேரும் தப்பினார்கள். டேஷ்-8இல் ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். "முதலாவது" என்ற சொல் புறப்பாட்டு வரிசையைச் சொல்கிறது, அனுமதியை அல்ல. ஆனால் அவசரப் பணியில் கிளம்பும் ஒருவர் காதில் அது "உனக்குத்தான் வழி" என்று விழும். ஜப்பானில் அந்தச் சொல்லைச் சொல்வதையே பிறகு நிறுத்திவைத்தார்கள். உள்ளே போகாதே என்று காட்டும் சிவப்பு நிறுத்த விளக்குகள் அன்று பராமரிப்பில் இருந்தன.

சொற்களைப் பற்றி இத்தனை கறாராக இருப்பதற்கு வேர் 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு. ஓடுபாதையில் இரண்டு 747கள் மோதி 583 பேர் இறந்த அந்த விபத்தில் பேசப்படுவதெல்லாம் அனுமதியில்லாமல் புறப்பட்ட கேஎல்எம் 747 பற்றித்தான். ஆனால் பனிக்குள் பான் ஆம் 747 வெளியேறச் சொன்ன மூன்றாவது திருப்பத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்ததும் கதையில் உண்டு. அந்த மூன்றாவது திருப்பம் ஒரு 747 திரும்பவே திணறும் அளவுக்குப் பின்னோக்கி மடிந்தது. நான்காவது இயல்பான சாய்வில் இருந்தது. சொன்னது நடைமுறைக்கு ஒவ்வாததாக இருந்தால் வேறொன்றைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று மனம் சமாதானம் செய்துகொள்ளும். அந்தச் சமாதானம் எழும் கணத்தில்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். அந்த விபத்துக்குப் பிறகு "டேக்-ஆஃப்" என்ற சொல் புறப்பாட்டு அனுமதியைக் கொடுக்கவும் ரத்து செய்யவும் மட்டும் என்றானது. அமெரிக்காவில் 2010 முதல் வழியில் வரும் ஒவ்வொரு ஓடுபாதையைக் கடக்கவும் தனித்தனி அனுமதி வேண்டும். லெக்சிங்டன் காலத்தில் 22க்குப் போகச் சொன்னாலே 26ஐக் கடக்கும் அனுமதி அதற்குள் அடங்கியிருந்தது.

விதி இருந்தும் தவறு நடக்கும். 2023 ஜனவரியில் கென்னடி விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 777க்கு 31 இடதைக் கடக்க அனுமதி கொடுத்திருந்தார்கள். அது வேறொரு டாக்ஸிவேயில் திரும்பி 4 இடதைக் கடந்தது. அதே பாதையில் டெல்டா 737 ஒன்று புறப்பட ஓடத் தொடங்கியிருந்தது. கட்டுப்பாட்டாளர் உடனே ரத்து செய்தார், 737 நின்றது. 777இன் காக்பிட்டில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று ஜோடிக் கண்களில் ஒன்றுகூடத் தேவையான நொடியில் வெளியே இல்லை.

அப்படியானால் கண்கள் எங்கே இருந்தன? சரிபார்ப்புப் பட்டியலிலும் கணினியிலும். டாக்ஸி நேரம் சும்மா ஓட்டும் நேரம் அல்ல. கட்டுப்பாட்டுப் பரப்புகளைச் சோதிப்பது, ஓடுபாதை மாறினால் வேகங்களை மறுபடி கணக்கிட்டு உள்ளிடுவது, எடைத்தாளைச் சரிபார்ப்பது என்று துணை விமானிக்குத் தலை நிமிர நேரமிருக்காது. அந்நேரத்தில் ஓட்டுபவர் தனியாள். எதிர்த்திசையிலும் இது கடிக்கும்: வழியில் வரும் குழப்பம் பட்டியலை முறித்துவிடும். 1987 ஆகஸ்ட் 16இல் டெட்ராய்ட்டில் நார்த்வெஸ்ட் 255க்கு டாக்ஸியின்போது ஓடுபாதை மாறியது. கணக்கை மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. நடுவே திரும்ப வேண்டிய டாக்ஸிவேயையும் தாண்டிப் போய்விட்டார்கள். இந்தச் சந்தடியில் டாக்ஸி பட்டியல் படிக்கப்படவே இல்லை. ஃபிளாப்பை (எழும்ப உதவ இறக்கையிலிருந்து இறக்கும் மடிப்பு) இறக்காமலேயே எம்டி-82 புறப்பட்டது. அதை எச்சரிக்க வேண்டிய கருவிக்கும் மின்சாரம் வரவில்லை. தரையில் இருந்த இருவரோடு 156 பேர் இறந்தார்கள், விமானத்தில் பிழைத்தது நான்கு வயதுக் குழந்தை ஒன்று. இன்று பல நிறுவனங்கள் நகர்வதற்கு முன்பே ஃபிளாப்பை வைத்துவிடச் சொல்வது இதனால்தான்.

இறங்கியபின் ஓட்டத்திலும் இதே பொறி. ஓடுபாதையை விட்டு வெளியே வந்ததும் துணை விமானி ஃபிளாப் ஏற்றுவது, விளக்குகள், ஏபியு (மின்சாரம் தரும் துணை இன்ஜின்) என்று குனிந்துவிடுவார். இணையாக இன்னொரு ஓடுபாதை இருந்தால் அதன் நிறுத்தக் கோடு சில நூறு மீட்டரில் வந்துவிடும். நல்ல பழக்கம்: இரண்டு ஓடுபாதைக்கும் நடுவே நிற்கும்போது எதையும் தொடாதீர்கள். இரண்டையும் கடந்தபின் செய்தால் ஃபிளாப் கோபித்துக்கொள்ளாது.

தேர்ந்த குழுவினர் செய்வது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கிளம்பும் முன்பே வழியைப் பேசிக்கொள்வார்கள். வரைபடத்தில் 'ஹாட் ஸ்பாட்' (தவறு நடக்க வாய்ப்புள்ள இடம்) என்று குறித்த இடங்களை விரலால் தொட்டு, இங்கே என்ன சிக்கல் என்று சொல்லிக்கொள்வார்கள். கோபுரம் சொன்ன வழியை எழுதி, வரைபடத்தில் இருவரும் ஒப்பிட்ட பிறகே பிரேக்கை விடுவார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும், கடந்ததை அல்ல, அடுத்து வருவதை வாய்விட்டுச் சொல்வார்கள்: "அடுத்து இடது, அதன்பின் 27க்கு முன் நில்." ஓடுபாதையைக் கடக்கும்போது இடது, வலது இரண்டும் பார்த்து, இரு பக்க இறுதி அணுகுபாதையும் காலி என்று சொன்னால்தான் விமானம் நகரும். குனிந்து வேலை செய்ய வேண்டியவர் "கீழே பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டே குனிவார். வேலை அதிகமானால் விமானத்தை நிறுத்திவிடுவார்கள்; நின்றிருக்கும் விமானம் எந்த ஓடுபாதைக்குள்ளும் நுழைவதில்லை. டாப்லெட்டில் சொந்த இடத்தைக் காட்டும் நகரும் வரைபடம் இன்று பெரிய உதவி. ஆனால் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டுபவர் ஜன்னலைப் பார்ப்பதில்லை. துணை விமானிக்கு அது, ஓட்டுபவருக்கு ஜன்னல்.

சிறிய பயிற்சி விமானங்களில் தவறுகள் வேறு மாதிரி. புதிய மாணவர் யோக்கை (விமானியின் கைக்கட்டுப்பாடு) கார் ஸ்டியரிங் போலத் திருப்பிக்கொண்டிருப்பார்; திருப்புவது கால் பெடல்தான். நகர்ந்ததும் முதல் ஒரு மீட்டருக்குள் பிரேக்கைச் சோதிக்காமல் விடுவது, 1,000 ஆர்பிஎம் போதும் என்ற இடத்தில் 1,400 வைத்துக்கொண்டு பிரேக்கோடு மல்லுக்கட்டுவது, இவை தினசரிக் காட்சி. காற்றை மறப்பதுதான் கவிழ்க்கும். காற்று முன்பக்கவாட்டிலிருந்து வந்தால் யோக்கை அது வரும் பக்கம் திருப்ப வேண்டும்; பின்பக்கவாட்டிலிருந்து வந்தால் எதிர்ப்பக்கம் திருப்பி, முன்னே தள்ளிப் பிடிக்க வேண்டும். பின்பக்கக் காற்றுதான் மோசம். இறக்கை மேலே உள்ள மூன்று சக்கர விமானத்தை அது வாலோடு தூக்கி மூக்கின் ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். பெரிய ஜெட்டுக்குப் பின்னால் நிற்பதும் இதே கணக்குத்தான்.

நிறுத்துமிடத்தில் ஒன்று மட்டும். வழிகாட்டும் ஆள் கண்ணிலிருந்து மறைந்தாலோ, திரையில் வழிகாட்டும் கருவி வேறு விமான வகையைக் காட்டினாலோ, அணைந்தாலோ, அப்போதே நிற்க வேண்டும். "இன்னும் இரண்டு மீட்டர்தானே" என்று ஊர்ந்துபோனவர்களின் இன்ஜின்தான் ஏணிவண்டியில் இடித்திருக்கிறது.

கடைசியாக, தொலைந்துபோனது தெரிந்தால் என்ன செய்வது? டாக்ஸிவேயில் இருந்தால் அங்கேயே நின்று, "இடம் தெளிவாக இல்லை, நிற்கிறோம்" என்று சொல்லிவிட்டு, கண்ணில் படும் பலகையை அப்படியே படித்துக் காட்டுங்கள். அதற்கு விளக்கம் சேர்க்காதீர்கள். ஓடுபாதையில் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அங்கே நின்று யோசிக்கக்கூடாது: பக்கத்தில் தெரியும் முதல் வெளிவழியில் இறங்கிக்கொண்டே, ஓடுபாதையில் இருக்கலாம் என்று அலைவரிசையில் உரக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரோப், லேண்டிங் லைட் என்று எரியக்கூடிய அத்தனை விளக்கையும் போட்டுவிடுங்கள். இறங்கிவரும் விமானத்துக்கு உங்கள் குரலைவிட அதுதான் முதலில் எட்டும்.